கண் திறக்காத வாட்ச்மேன்

அன்றைக்கு அந்தத் தோட்டக் கொட்டகையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாராவது கேட்டால் பதற்றத்தில் எனக்கு மாறிப்போகும். டீட்டர், ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், கொட்டகை அவருடையது. அவர் மனைவி ஊட்டா, மூலையில் உட்கார்ந்து கம்பளி நூலில் எதையோ பின்னிக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாக நினைக்காமல் இருந்தார். மாரெக், போலந்துக்காரர், லாரி ஓட்டுகிறவர், யார் என்ன சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பவர். நான்காவது ஆள் நான். எங்கள் நடுவில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக நிறுத்திவைத்த பொம்மைகள். எல்லாம் ஒரே ஆளின் பொம்மைகள். ஒன்றுகூட அசல் கிடையாது.

பொம்மையைத் தொடுவதற்கு முன்னால் டீட்டர் ஆளுக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார். நான் போட்டுக்கொண்டேன். கை வியர்த்தது. காஞ்சிபுரத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிற வேலைக்குப் போனவன் நான். அந்தக் கடையில் டூப்ளிகேட் என்ற வார்த்தையை மெல்லிய குரலில்கூட யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் சண்டை வரும். வாங்க வருகிறவர்கள் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், நூலைக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள், அப்படியும் நம்பாமல் அடுத்த கடைக்குப் போவார்கள். ஊரே அசல் அசல் என்று அடித்துக்கொள்ளும் இடத்திலிருந்து வந்தவனுக்கு, டூப்ளிகேட்டைக் கையுறை போட்டுத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த ஊர் லைப்சிக். என் மனைவி ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் நான், பார்சல் கிடங்கில் வேலை. வந்த புதிதில் எனக்கு மிகவும் விநோதமாகப் பட்டது, வீட்டு வாசலில் வைக்கிற அட்டைப் பெட்டிகள்தான். கோப்பை, புத்தகம், குழந்தைச் செருப்பு எல்லாவற்றையும் போட்டு, ‘ட்சூ ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். எடுக்க எனக்குப் பயம். யாராவது ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால்? எடுத்த பிறகு, அது தவறி வைத்த பெட்டி என்று சொன்னால்? விசாவில் ஏதாவது ஆகிவிட்டால்? அப்படிப் பார்த்தும் பார்க்காமலும் கடந்து போன ஒருநாள், ஒரு பெட்டியின் ஓரத்தில் பச்சைப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முள்முள்ளாகக் கிரீடம் மாதிரி ஒரு தலைக்கவசம், தரைவரைக்கும் தொங்கும் மேலங்கி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல் மட்டும். எனக்கு அந்த ஆளைத் தெரியும். பெட்டி, ஜன்னல், விசா எல்லாம் மறந்துபோய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவன் பெயர் ஓர்மெக் என்பது இங்கே வந்து தெரிந்ததுதான். எங்களுக்கு அவன் வாட்ச்மேன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தியேட்டரில் தமிழில் பேசுகிற ஒரு பழைய விண்வெளிப் படம் போட்டார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதில் கப்பலின் கடைசிக் கதவுக்கு முன்னால் ஒருவன் நிற்பான். பேச மாட்டான், நடக்க மாட்டான். இரண்டு கையாலும் ஒரு பெட்டியைப் பிடித்திருப்பான், அதிலிருந்து வெளிச்சம் வரும். உள்ளே என்ன என்று படம் முடியும்வரை சொல்ல மாட்டார்கள். தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி சேகரிடம் நான், “டேய், இவரு எங்க வீட்டு ராஜாடா” என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் முன்வரிசை ஆட்கள் திரும்பினார்கள்.

“உங்க வீட்டு ராஜா இங்க வந்து வாட்ச்மேன் வேல பாத்துக்கினு இருக்காரா? சம்பளம் எவ்ளோபா குடுக்கறாங்க?”

நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்போம். அதற்கான பொம்மைகளை அப்பா பொம்மைக்காரத் தெருவில் வாங்கினார். நவராத்திரி கொலுவுக்குச் செட் செட்டாகப் பொம்மை செய்கிற தெரு அது. அது முடிந்ததும் அதே கைகள் மாட்டையும் ஆட்டையும் மாதாவையும் சூசையப்பரையும் செய்யும். குழந்தை இயேசுவைப் பார்க்கக் காணிக்கையோடு வருகிற மூன்று ராஜாக்களில் இரண்டு பேர் ஒரே ஜாடை. மூன்றாவது ராஜா வேறு மாதிரி. கிரீடம் முள்முள்ளாக இருக்கும். தாடி வரைந்த முகம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். கையில் பெட்டி. படத்தைப் பார்த்த பிறகு நான் அவரை ராஜாவாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆனால் சேகர் சிரித்த பிறகு, ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்ற சந்தேகமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் எழுந்து போகாது.

பச்சைப் பொம்மையை வைத்துக்கொண்டு நான் தேட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளோமார்க்ட் எனப்படும் பழைய சாமான் சந்தைகளில் திரிந்தேன். அப்படித்தான் டீட்டரின் பழக்கம் ஏற்பட்டது. படம் ஓடாததால் கம்பெனிக்காரர்கள் ஓர்மெக்குக்குப் பொம்மையே போடவில்லையாம். ஆனால் துருக்கியிலும் மெக்சிகோவிலும் ஹங்கேரியிலும் யார் யாரோ தங்கள் பாட்டுக்கு அச்சு எடுத்து, கிடைத்த பிளாஸ்டிக்கில் வார்த்து விற்றிருக்கிறார்கள். ஒன்றுக்குக் கால் குட்டை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்றின் தலை வேறு ஏதோ சிப்பாய் பொம்மையின் தலை. இதை பூட்லெக் என்கிறார்கள். எந்தத் தப்பு எந்த ஊர்த் தப்பு என்று டீட்டர் ஆசையாகச் சொல்வார். எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் பொது. கைகள் வெறுங்கைகள். எதிலும் பெட்டி இல்லை.

பெட்டி இருந்தது டீட்டரிடம் இருந்த ஒரு படத்தில் மட்டும்தான். கம்பெனி போட நினைத்துப் போடாமல் விட்ட பொம்மையின் பென்சில் வரைபடம் அது. இம்மாதிரிப் பொருளுக்கு அவர்கள் ‘நீ ப்ரொடுட்ஸியர்ட்’ என்கிறார்கள். செய்யப்படாதது. அதில் பெட்டியின் பக்கவாட்டில் கீல் தெரிகிறது. தனியாக வரைந்த முதுகுப் பக்கத்தில், மேலங்கியில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று வளையங்கள். டீட்டர் அதை ஒரு சந்தையில் பழைய காகிதக் கட்டோடு வாங்கியிருக்கிறார். சேகரிப்பாளர்களின் பெரிய கூட்டத்தில் காட்டியபோது, இதை நீயே வரைந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு அந்தக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூட இருப்பது மாரெக் ஒருவர். அவரும் நம்புகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். இதை டீட்டர் சொல்லும்போது ஊட்டாவின் ஊசிகள் நின்றுவிட்டன. அப்போதுதான் அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரிந்தது.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன்: “இது எங்கள் வீட்டில் இருக்கிறது. பெட்டியோடு. அவர் ராஜா.”

டீட்டர் மெதுவாக, ஓர்மெக் ராஜா இல்லை, காவலன் என்று திருத்தினார், நான் படத்தின் கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து. இல்லை, எங்கள் வீட்டில் ராஜா, குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிறார் என்றேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்கவே கூடாது என்று தோன்றியது. மாரெக் கேட்டது ஒன்றுதான்: “ஆதாரம்?”

ஊருக்குப் போகும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டீட்டர் என் கையை, கையுறையோடு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “ஏங்க, அத்தை ஒரு வைக்கோல்கூடக் குடுக்க மாட்டாங்க குடில்லேர்ந்து. ராஜாவக் குடுப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அது வெறும் ராஜாவாகவே இருந்துவிட்டால்? சின்ன வயதில் எனக்குத் தோன்றியதை நம்பி ஒரு வயதான மனுஷனுக்கு ஆசை காட்டிவிட்டேன். ஏற்கெனவே பொய்க்காரன் என்று பெயர் வாங்கியவர். இப்போது என்னையும் நம்பிக் கெடுவார்.

டிசம்பரில் ஊருக்குப் போனோம். அம்மா செவிலிமேட்டில் என் தங்கை ஜெயா வீட்டில் இருக்கிறார். நாங்கள் போய் இறங்கியபோதே குடில் வைத்தாகிவிட்டது. ராஜாக்கள் மட்டும் இன்னும் தூரத்தில், டிவி மேசையின் ஓரத்தில் நின்றார்கள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் குடிலுக்குள் வருவார்கள். அதுவரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவருவது அம்மாவின் வேலை. வேறு யாரையும் தொட விட மாட்டார். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மூன்றாவது ராஜாவை எடுத்தேன். பெட்டியின் பக்கவாட்டைத் தடவினேன். வருஷா வருஷம் பூசிய தங்கப் பெயிண்டுக்குக் கீழே, கீல். திருப்பி முதுகைத் தடவினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று வளையங்கள். சேகர் இருந்தால் இழுத்துவந்து தடவச் சொல்லியிருப்பேன். அவன் இப்போது துபாயில் இருக்கிறான்.

அம்மா ஈரத் தலையோடு வந்து நின்றார். “இன்னாடா, ராஜாவுக்கு முதுகு தேய்ச்சிக்கினு இருக்கிற?”

எல்லாவற்றையும் சொன்னேன். டீட்டர், வரைபடம், பொய்க்காரன் என்று சொன்னது எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டார். பாவம் அந்த மனுஷன் என்றுகூடச் சொன்னார். பிறகு ராஜாவை என் கையிலிருந்து வாங்கி அவர் இடத்தில் வைத்தார். “இவரு பாப்பாவப் பாக்கக் கெளம்பி பாதி வழி வந்துட்டாரு. இப்ப போயி பிளைட்ல ஏத்தறேன்றியே. ரெண்டு ராஜாவ வச்சிக்கினு நான் குடில் வச்சா, ஊரு சிரிக்காதா?”

ஆறாம் தேதிக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“அப்பறம் அடுத்த வருசம் யாரு வருவா? நீ வருவியா?”

டிக்கெட் விலை, ஸ்டெல்லாவின் லீவு, என் கிடங்கு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜெயாதான் பொம்மைக்காரத் தெருவுக்குப் போய்க் கேட்டுப் பாரேன் என்றாள். அப்பா வாங்கிய கடையை இப்போது நடத்துவது கௌரி அக்கா, அந்த வீட்டு மருமகள். நான் போனபோது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அமெரிக்காவுக்கு அனுப்பும் கல்யாணச் செட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்துப் போயிருந்த ராஜாவின் போட்டோவைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னாபா, ஜெர்மனிலேர்ந்து வந்து இவனத் தேடிக்கினு இருக்கிற? இவனா? எங்க மாமனாருக்கு வந்து மாட்டுன கிராக்கிபா இவன்.”

அவர் சொன்ன கதை இது. மெட்ராஸ் பாரிஸ் கார்னரிலிருந்து ஒரு வியாபாரி ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பொம்மையோடு வந்திருக்கிறார். இதே மாதிரி நிறையச் செய்து தா, பிறந்தநாள் பரிசுக் கடைகளுக்குப் போடப் போகிறேன் என்று அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். அது அவருக்கு எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் அச்சு எடுத்துக் காகிதக் கூழில் வார்த்து அடுக்கிவைத்தார். சாம்பிள் பொம்மையை வாங்கிக்கொண்டு போன வியாபாரி திரும்ப வரவேயில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேலன்ஸ் பணம் வராமல் பொம்மைக்குக் கண் திறக்க மாட்டார்கள். உடம்பு, உடை எல்லாம் முடிந்திருந்தாலும் கருவிழி மட்டும் வைக்காமல் நிறுத்திவிடுவார்கள். கண் திறந்துவிட்டால் பொம்மை வாங்கினவருடையது, அதுவரைக்கும் செய்தவருடையது. அப்படிக் கண் இல்லாமல் அந்தப் பொம்மைகள் கிடந்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் வந்தது. மாமனார் ஒருநாள் உற்றுப் பார்த்திருக்கிறார். தலையில் முள்முள்ளாக இருப்பது கிரீடம். தோளில் ராஜா உடுப்பு. கையில் காணிக்கைப் பெட்டி. வியாபாரி சொல்லத் தெரியாமல் சொன்னான், இது குடில் ராஜாதான் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. முகத்தை மட்டும் சாம்பிள் செய்தவன் அவசரத்தில் விட்டுவிட்டான் என்று நினைத்து, கீறலை மூடி, மூக்கு வைத்து, தாடி வரைந்து, கண்ணையும் திறந்து விற்றுவிட்டார்.

“ஊர்ல பாதி குடில்ல இவன்தாம்பா நிக்கிறான். யாரும் ஒண்ணும் சொல்லல. நீதான் ராஜாவ வாட்ச்மேன்றே” என்றார் கௌரி அக்கா. ஓரம் உடைந்த பழைய அச்சு பரணில் இருந்தது. ஒட்டுப்போட்டு ஒன்று வார்த்துத் தருகிறேன், ஆனால் மூக்கும் தாடியும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். ஜெர்மனியில் இவனுக்கு முகமே கிடையாது என்றேன். “மூஞ்சி இல்லாதவனுக்குக் கண்ணு எங்கபா தொறக்கறது?” என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே முடிவு செய்தார். அந்தக் கீறலுக்குள்ளே இரண்டு கண் வைக்கலாம். கண் இல்லாமல் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொம்மையும் வெளியே போனதில்லை. அட்வான்ஸ் கொடுத்தேன்.

அந்த மார்கழி முழுக்கப் பனி, நடுவில் மழை வேறு. பொம்மை காயவில்லை. கிளம்புகிற நாள் காலையில் போய் நின்றேன். வெள்ளைப் பூச்சு மட்டும் முடிந்திருந்தது. பெயிண்ட் அடித்தால் வெடித்துவிடும் என்றார். நான் அப்படியே கொடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பொம்மையை வைத்துக்கொண்டு யோசித்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பேலன்ஸை போனில் அனுப்புகிறேன் என்றேன். மற்ற எல்லாவற்றுக்கும் போனில்தான் பணம் வாங்குகிறவர், இதற்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டார்.

“போன்ல காசு வந்துரும்பா. கண்ணு யாரப் பாக்கும்? தொறந்த ஒடனே மொதல்ல வாங்குனவனத்தான் பாக்கணும். நீ இவனக் கூட்டிக்கினு வா, காசக் குடு, ரெண்டு பொட்டு வச்சித் தரேன். அதுவரைக்கும் இது என் பொம்மதான், ஞாபகம் வச்சிக்க.”

விமானம் முழுக்க அவனை மடியில் வைத்திருந்தேன். லைப்சிக்கில் சுங்க அதிகாரியம்மா பையைத் திறக்கச் சொன்னார். இது என்ன என்றார். வாட்ச்மேன், ஆனால் ராஜாவாகவும் ஆகலாம் என்றேன். பழம்பொருளா என்று கேட்டார். இல்லை, இன்னும் செய்தே முடிக்கவில்லை என்றேன். உங்களுடையதா என்றார். அதற்கு நான் உடனே பதில் சொல்லாததுதான் தப்பாகிவிட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் அடிப்பக்க ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பலத்துக்காக உள்ளே ஒட்டியிருந்த செய்தித்தாளில் தமிழ் எழுத்துகள். என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார்கள். தலையைச் சாய்த்துப் படித்தேன். ஏனாத்தூரில் மனை விற்பனைக்கு, கல்லூரிக்கு மிக அருகில். மொழிபெயர்த்துச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போகலாம் என்றார்கள்.

மறுபடி அதே கொட்டகை, அதே நான்கு பேர். துணியைப் பிரித்ததும் டீட்டர் கையுறையைக் கழற்றிவிட்டார். பெட்டியைத் தொட்டார். கீலைத் தொட்டார். முதுகைத் திருப்பி, வளையங்களின்மேல் கட்டைவிரலை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். மாரெக் மட்டும், இது போன மாதம் செய்தது, வரைபடத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார். அவர் சொன்னது சரிதான். ராத்தூக்கம் கெட்டு இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். பையிலிருந்து அம்மா கொடுத்த போட்டோவை எடுத்தேன். அப்பா, டிராயர் போட்ட நான், எங்கள் பின்னால் குடில். மூன்றாவது ராஜா கையில் பெட்டியோடு பக்கவாட்டில் நிற்கிறார். கீல் தெளிவாகத் தெரிகிறது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் வருஷமும். டீட்டர் அந்த வரைபடத்தை வாங்கியதற்கு வெகுகாலம் முந்திய வருஷம்.

மாரெக் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வந்து டீட்டருக்கு எதிரில் நின்று, போலிஷில் ஏதோ சொன்னார். அது எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஆனால் டீட்டர் தலையாட்டினார். ஊட்டா எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றினார். எனக்குத் தெரிந்து அவர் எங்களுக்குக் காபி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

எப்போது இவனை முடிப்பார்கள் என்று டீட்டர் கேட்டார். கௌரி அக்கா சொன்னதைச் சொன்னேன். அப்படியானால் இவன் செய்யப்பட்டவனா, செய்யப்படாதவனா, எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்கு நிஜமாகவே குழப்பம். நீ கொண்டுவந்தவன், நீயே சொல் என்றார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் ஜன்னல் ஓரத்தில் தனியாக வைத்தோம். வெளியே பனி. கீறலுக்குள் ஒன்றும் இல்லாமல், வெள்ளையாக, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய அண்ணன் செவிலிமேட்டில் தாடியும் கண்ணுமாக டிரங்குப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், அடுத்த டிசம்பருக்குக் காத்துக்கொண்டு.

டீட்டர் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி வைப்பார். இவனுக்கும் எழுத உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பொருள், காகிதக் கூழ். ஊர், காஞ்சிபுரம். உரிமையாளர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கௌரி என்று எழுதச் சொன்னேன். கடைசி வரி மட்டும் அவராகவே கேட்டு எழுதிக்கொண்டது.

தர வேண்டிய பாக்கி: அறுநூற்றைம்பது ரூபாய்.